ஒட்டுத் தெரியாமல் ஒரு மணி நேரம்

2005 குளிர்காலம். நாட்டிங்காமில் முதுகலைப் படிப்பை முடித்துவிட்டு ஒரு கிடங்கில் இரவு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். விடியற்காலை நான்கு மணிக்கு வேலை முடியும். ஒருநாள், பழைய பொருள் விற்கும் கடையில் இரண்டு பவுண்டுக்கு வாங்கிய இரட்டை சிடி ஒன்றைக் காரில் போட்டேன். சாஷா, ஜான் டிக்வீட் என்ற இரண்டு பிரிட்டிஷ் டிஜேக்கள் சேர்ந்து செய்து 1996இல் வெளியான 'நார்தர்ன் எக்ஸ்போஷர்'. அட்டையில் இருந்த பெயர்களில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது. ஆளற்ற சாலையில் ஓட்டிக்கொண்டிருந்தபோது, பிளேயரின் சிறு திரையில் 3 என்ற எண் 4 ஆனது. காதில் எதுவும் மாறவில்லை. இரண்டு நிமிடம் போன பிறகுதான், நான் கேட்டுக்கொண்டிருப்பது வேறு பாட்டு என்று உறைத்தது. பழையது எப்போது போனது? வீட்டு வாசலில் காரை நிறுத்தி, கண்ணாடியில் பனி படியப் படிய, அந்த இடத்தை ஏழெட்டு முறை பின்னுக்குத் தள்ளித் தள்ளிக் கேட்டேன். கண்டுபிடிக்க முடியவில்லை.

அந்த இடத்தை என் கையால் செய்து பார்க்க எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. வீட்டில் உட்கார்ந்து ஒரு மணி நேர புரோகிரஸிவ் ஹவுஸ் மிக்ஸ், அதாவது பல பாட்டுகளை இடைவெளி இல்லாமல் இணைத்த தொகுப்பு, செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு அவ்வளவு காலம் ஆக வேண்டியதில்லை. எனக்குத் தாமதமாகத் தெரிந்தவற்றை இங்கே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எந்த இசையைச் சொல்கிறேன் என்பதைத் தெளிவாக்கிவிட வேண்டும். 'புரோகிரஸிவ் ஹவுஸ்' என்ற பெயரை 1992இல் மிக்ஸ்மேக் என்ற பிரிட்டிஷ் நடன இசை இதழில் டாம் பிலிப்ஸ் எழுதிய கட்டுரை பரப்பியது. லெஃப்ட்ஃபீல்ட் என்ற பிரிட்டிஷ் குழு போன்றவர்கள், ஹவுஸ் என்ற அமெரிக்க மின்னணு நடன இசையின் நேரான நான்கு அடித் தாளத்தை எடுத்துக்கொண்டு, அதன்மேல் ஜமைக்காவின் டப் இசையில் வரும் கனத்த பாஸையும் (தாழ்ந்த ஒலி) மெதுவாக விரியும் நீண்ட ஒலிகளையும் ஏற்றினார்கள். அதே 1992இல்தான், நான் குடியிருந்த இடத்திலிருந்து ஏ60 சாலையில் அரை மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய மான்ஸ்ஃபீல்ட் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில், வென்யூ 44 என்ற இடத்தில் ரெனசான்ஸ் என்ற நடன இரவுகள் தொடங்கின. சாஷாவும் டிக்வீடும் பேர் பெற்றது அங்கே. 1994இல் ரெனசான்ஸ் என்ற பெயரிலேயே மூன்று சிடிகள் கொண்ட மிக்ஸ் தொகுப்பு வெளியிட்டார்கள். பிறகு நியூயார்க்கின் ட்விலோ கிளப்பில், 2001இல் அது மூடப்படும் வரை, மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமைகளில் விடிய விடிய வாசித்தார்கள். ஒரு இரவு முழுவதையும் கையில் கொடுத்தால் ஒருவருக்கு அவசரம் போய்விடுகிறது. இந்த இசையின் நிதானம் அங்கிருந்து வருகிறது என்பது என் எண்ணம். இன்று பெரிய மைதானங்களில், நிமிடத்துக்கு ஒருமுறை உச்சத்தை நோக்கி ஓடும் இசைக்கும் இதே பெயரைச் சூட்டுகிறார்கள். அதில் இந்த வழிமுறைகள் அவ்வளவாகப் பயன்படா.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. ஒரு மடிக்கணினி, இரண்டு சானல் உள்ள (இரண்டு பாட்டுகளைத் தனித்தனியே கையாளும்) சிறிய கண்ட்ரோலர், காதை மூடும் ஹெட்போன் ஆகியவை போதும். மிக்ஸ் என்ற திறந்தமூல மென்பொருள் (அதன் ஆங்கிலப் பெயரில் எக்ஸ் எழுத்து மூன்று முறை வரும்) இலவசமாகக் கிடைக்கிறது. பதிவு செய்யும் வசதியும் அதிலேயே உண்டு. கண்ட்ரோலரில் ஒவ்வொரு சானலுக்கும் உயர்ந்த, நடு, தாழ்ந்த ஒலிகளைக் கூட்டிக் குறைக்க ஹை, மிட், லோ என்று மூன்று ஈக்யூ குமிழ்கள் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். லோ குமிழ் இல்லாமல் இந்த வேலை நடக்காது.

இனி, பாட்டுத் தேர்வு. அரை மணி நேரம் பயிற்சி செய்ய நேரம் இருந்தால், அதில் இருபது நிமிடத்தை இதற்கே கொடுக்கச் சொல்வேன்.

இந்த இசையில் ஒரு டிராக் ஏழெட்டு நிமிடம் ஓடும். முதல் ஒரு நிமிடமும் கடைசி ஒரு நிமிடமும் பெரும்பாலும் வெறும் தாளம்தான். தனியாகக் கேட்டால் அந்த இடங்கள் வெறிச்சென்று இருக்கும். ரவிக்கை தைக்கக் கொடுக்கும்போது "உள்ளே கொஞ்சம் துணி விட்டுத் தையுங்கள்" என்று அம்மா தையற்காரரிடம் சொல்வார். டிராக்கின் இரு முனைகளிலும் இருக்கும் அந்தத் தாளம் அப்படி விட்ட துணி. ஒன்றின் வால்மேல் இன்னொன்றின் தலை படிவதற்காக விடப்பட்டது. எனவே வானொலிக்காக மூன்றரை நிமிடத்துக்கு வெட்டிய வடிவத்தை வாங்காதீர்கள். 'எக்ஸ்டெண்டட் மிக்ஸ்' அல்லது 'ஒரிஜினல் மிக்ஸ்' என்று போட்டிருப்பதை வாங்குங்கள். பீட்போர்ட், பேண்ட்கேம்ப் என்ற இணையக் கடைகளில் கிடைக்கும்.

ஒரு மணி நேரத்துக்கு பத்து டிராக் போதும். நான் முப்பது எடுத்து வைத்துக்கொள்வேன். ஒவ்வொன்றையும் இரண்டு முறை கேட்டு, ஒரு சீட்டில் ஆறு குறிப்புகள் எழுதுவேன்: வேகம், சுருதி, பாஸ் நுழையும் நேரம், குரல் வரும் இடம், கிக் (ஒவ்வொரு அடியிலும் விழும் கனத்த டிரம்) நின்றுபோகும் பிரேக்டவுன் வரும் இடம், பாஸ் வெளியேறும் நேரம். சீட்டு என்று நான் சொல்வது தினசரிக் காலண்டர் தாள். கும்பகோணத்திலிருந்து ஆண்டுதோறும் அம்மா அனுப்பும் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கம் இதற்குச் சரியான அளவு. முப்பது தாள்களையும் தரையில் பரப்பி வைத்து, ஒரு மாலை முழுவதும் இடம் மாற்றிக்கொண்டே இருப்பேன். கணினித் திரையில் வரிசையை மாற்றலாம்தான். ஆனால் தரையில் மொத்தமும் ஒரே பார்வையில் தெரிகிறது. குரல் உள்ள இரண்டு டிராக்குகள் அடுத்தடுத்து வந்துவிட்டால் கண்ணே சொல்லிவிடும்.

சுருதி விஷயத்தில் ஒரு சுலபமான வழி உண்டு. கேம்லாட் சக்கரம் என்று டிஜேக்கள் பயன்படுத்தும் ஒரு வட்டத்தில் எல்லாச் சுருதிகளும் 1 முதல் 12 வரை எண்ணிடப்பட்டிருக்கும். ஏ மைனர் 8ஏ என்றால், அதன் பக்கத்து எண்களான 7ஏ டி மைனர், 9ஏ ஈ மைனர். அதே எண்ணின் 8பி சி மேஜர். பக்கத்து எண்ணுக்குப் போனால் ஏழு ஸ்வரங்களில் ஆறு பொதுவாக இருக்கும், அதனால் இரண்டு டிராக்குகளின் மெட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தாலும் உறுத்தாது. மென்பொருள் சுருதியைக் கண்டுபிடித்துக் காட்டும். சில நேரம் தவறாகவும் காட்டும். ஓடிக்கொண்டிருக்கும் டிராக்கின் ஆதார ஸ்வரத்தை வாய்க்குள் முனகியபடியே அடுத்த டிராக்கை ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். தொண்டை தானாக இறங்கவோ ஏறவோ பார்த்தால், எண் என்ன சொன்னாலும் அந்த ஜோடி வேண்டாம்.

வேகம், அதாவது நிமிடத்துக்கு விழும் அடிகள், 120லிருந்து 126க்குள் இருக்கும். ஒரு மணி நேரத்தில் 120இல் தொடங்கி 124இல் முடிப்பது என் வழக்கம். டிராக்குக்கு அரைப் புள்ளிதான் ஏற்றுவேன். வேகத்தை ஏறத்தாழ 6 சதவீதம் மாற்றினால் சுருதி அரை ஸ்வரம் நகர்ந்துவிடும். ஒரு புள்ளி, இரண்டு புள்ளி மாற்றத்தில் அது பெரிதாகத் தெரியாது என்றாலும், சுருதியைப் பூட்டும் பொத்தானை அழுத்தி வைத்துக்கொள்வது நல்லது.

வரிசையைப் பொறுத்தவரை எனக்கு ஒரே ஒரு பிடிவாதம். உச்சம் ஒன்றுதான் இருக்க வேண்டும், அது நாற்பத்தைந்தாவது நிமிடத்துக்கு முன்னால் வரக் கூடாது. கையில் இருப்பதில் சிறந்த டிராக்கை இருபதாவது நிமிடத்தில் போட்டுவிட எல்லாருக்கும் கை துறுதுறுக்கும். போட்டுவிட்டால் மீதி நாற்பது நிமிடம் இறங்குமுகம்.

இரண்டு டிராக்குகளின் வேகத்தை ஒன்றாக்குவதை, பீட்மேட்சிங், இப்போது 'சிங்க்' பொத்தான் செய்துவிடுகிறது. அதைப் பயன்படுத்துவதில் எந்தக் குறைவும் இல்லை. இருந்தும் முதல் ஒரு மாதம் காதால் செய்து பழகச் சொல்வேன். வேகத்தில் 0.1 புள்ளி வித்தியாசம் இருந்தால்கூட, ஒரு நிமிடத்தில் இரண்டு கிக்குகளும் ஏறத்தாழ 50 மில்லி விநாடி விலகிவிடும். ஒரே அடியாக விழ வேண்டியது குதிரைக் குளம்படி போல இரட்டை இரட்டையாகக் கேட்கும். அந்தச் சத்தம் தொடங்குவதற்குச் சற்று முன்பே, கிக் லேசாகத் தடிப்பதுபோல ஒரு மாற்றம் வரும். அதைக் காது பிடிக்கப் பழகிவிட்டால், மென்பொருள் பீட்டைத் தவறாகக் கணித்த நாளில் அதுவே உங்களைக் காப்பாற்றும்.

இனி அந்த இடத்துக்கு வருவோம். காரில் நான் தேடித் தோற்ற இடம்.

நான்கு பீட் (அடி) சேர்ந்தால் ஒரு பார். நம் கணக்கில் நான்கு எண்ணிக்கை கொண்ட ஓர் ஆவர்த்தனம். இந்த இசையில் எல்லாம் எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு பார்களாக நகரும். புதிய வாத்தியம் வருவதும் பழையது போவதும் அந்த எல்லைகளில்தான். கேட்பவர் எண்ணிக்கொண்டிருக்க மாட்டார், ஆனால் அவர் உடம்பு எண்ணிக்கொண்டிருக்கும். எல்லையில் மாற்றம் வந்தால், எதிர்பார்த்தது வந்ததாக உடம்பு ஏற்றுக்கொள்ளும். எல்லைக்கு இரண்டு பார் முன்னே வந்தால், வேகமும் சுருதியும் எவ்வளவு பொருந்தியிருந்தாலும் தடுக்கி விழுந்ததுபோல இருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். இரண்டு டிராக்குகளும் 122 வேகத்தில் இருக்கின்றன. அந்த வேகத்தில் 32 பார் என்பது 63 விநாடி. ஓடிக்கொண்டிருக்கும் டிராக்கின் நீளம் 7:21. அதன் பாஸ் 6:18இல் வெளியேறுகிறது என்று காலண்டர் தாள் சொல்கிறது. அடுத்த டிராக்கின் பாஸ் 1:03இல் நுழைகிறது. 6:18இலிருந்து 1:03ஐக் கழித்தால் 5:15. பழையது 5:15ஐத் தொடும்போது, பாரின் முதல் அடியில், புதியதை ஓட விடுங்கள். பழைய பாஸ் போகும் அதே நொடியில் புதிய பாஸ் வந்து உட்காரும். இந்த ஒரு கழித்தலைக் கண்டுகொள்ளாமல் ஓராண்டை வீணாக்கினேன். பழைய டிராக் முடியப்போகிறதே என்ற பதற்றத்தில் கடைசி நிமிடத்தில் புதியதைத் திணித்துக்கொண்டிருந்தேன்.

5:15க்கும் 7:21க்கும் நடுவே இரண்டு நிமிடத்துக்கும் மேலாக இரண்டும் சேர்ந்து ஓடுகின்றன. அந்த நேரத்தில் கை செய்ய வேண்டியது இது. புதியதன் லோ குமிழை முழுக்க மூடி, ஹை குமிழைப் பாதிக்குக் கீழே வைத்துவிட்டுத் தொடங்குங்கள். ஒலி ஃபேடரை (ஒலி அளவை ஏற்றி இறக்கும் தள்ளுகோல்) முதல் 16 பார் முழுவதும் எடுத்துக்கொண்டு மேலே கொண்டுவாருங்கள், அரை நிமிடம். அடுத்த 16 பாரில் புதியதன் ஹை குமிழை நடுவுக்குக் கொண்டுவரும்போதே பழையதன் ஹையைச் சிறிது சிறிதாகக் குறையுங்கள். ஹை-ஹாட் என்ற சிறு தாளத்தட்டின் ஒலி மட்டும் இப்போது கைமாறிவிட்டது. 6:18 வந்ததும், முதல் அடியில், ஒரே அசைவில் இரண்டு லோ குமிழ்களையும் மாற்றுங்கள்: பழையது மூடல், புதியது திறப்பு. மற்ற எல்லாம் மெதுவாக, இது ஒன்று மட்டும் சட்டென்று. இரண்டு பாஸ்கள் ஒரு விநாடிகூடச் சேர்ந்து ஓடக் கூடாது. தாழ்ந்த ஒலிகள் ஒன்றை ஒன்று சில இடங்களில் கூட்டும், சில இடங்களில் அழிக்கும். முடிவில் இரண்டுமே கலங்கிய நீராகிவிடும். பிறகு பழையதன் மிட்டை ஒரு நிமிடம் முழுவதும் எடுத்துக்கொண்டு இறக்குங்கள். 7:21இல் அது தீரும்போது அங்கே இருந்ததே ஒருவருக்கும் நினைவிருக்காது.

நடுவில் உள்ள அந்த இரண்டு நிமிடத்தைத்தான் நான் இந்த இசையில் எல்லாவற்றையும்விட நேசிக்கிறேன். ஒன்றின் மெட்டு, மற்றொன்றின் தாளம். இரண்டு டிராக்கையும் செய்தவர்கள் கற்பனைகூடச் செய்யாத மூன்றாவது இசை ஒன்று அங்கே பிறந்து, இரண்டு நிமிடம் இருந்துவிட்டுப் போகிறது. அதை வாங்க முடியாது. அது எந்தக் கடையிலும் தனியாக இல்லை. எங்கள் தெருக் கோயில் புறப்பாட்டில் இரண்டு நாகஸ்வரங்கள் வாசிக்கும். ஒருவர் மூச்சு வாங்கும் இடத்தில் மற்றவர் எடுத்துக்கொள்வார். பின்னால் ஒத்து விடாமல் ஊதிக்கொண்டிருக்கும். யார் எங்கே விட்டார், யார் எங்கே எடுத்தார் என்று சிறுவனாக இருந்தபோது பக்கத்தில் நின்று கன்னங்களையே பார்த்துக்கொண்டிருப்பேன். கண்ணை மூடினால் ஒரே ஓட்டம். இங்கிலாந்தில் ஒரு குளிர்கால விடியலில் அந்த சிடி என்னை ஏன் அப்படிப் பிடித்தது என்று யோசித்தால் அந்தக் கன்னங்கள்தான் நினைவுக்கு வருகின்றன.

கணக்கு சரியாக வந்த பிறகும் என் மிக்ஸ்களில் ஏதோ ஒன்று குறைந்தது. அப்போது என்னோடு அதே வீட்டில் வாடகைக்கு இருந்தவர் ஒரு ஸ்காட்லாந்துக்காரர், பஸ் ஓட்டுநர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் அறையில் இரண்டு டெக்னிக்ஸ் 1200 சுழல்மேசைகள் இருந்தன. நான் ஒரு மாதம் உழைத்துப் பதிவு செய்த மிக்ஸை அவரிடம் கொடுத்தேன். முழுவதும் கேட்டார். "எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் உன் கை கேட்கிறது" என்றார்.

எனக்கு அன்று புரியவில்லை. மறுநாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோது புரிந்தது. ஒரு குமிழைத் தொட்டால் அதைத் திருப்பி முடிக்க அவர் ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டார். விரல் நகர்வதே தெரியவில்லை. நானோ ஃபில்டரைத் திறப்பதும் மூடுவதும், எக்கோ போடுவதும், லூப் சுற்றுவதுமாக நிமிடத்துக்கு நான்கு வேலை செய்துகொண்டிருந்தேன். ஒவ்வொன்றும் நான் இங்கே இருக்கிறேன் என்று கேட்பவரின் தோளைத் தட்டியது. அவர் சொன்ன பயிற்சி இதுதான்: ஒரு இணைப்பை எக்கோவும் ஃபில்டரும் லூப்பும் இல்லாமல், மூன்று குமிழ்களாலும் ஃபேடராலும் மட்டும் செய். பிடிக்கவில்லையென்றால் அலங்காரத்தால் மூடாதே, டிராக்கை மாற்று. இன்றுவரை நான் கைவிடாத விதி அது. மூன்று முறை முயன்றும் ஒட்டுத் தெரிந்தால் கையைக் குறை சொல்வதை நிறுத்திவிட்டுத் தரையில் கிடக்கும் தாள்களுக்குத் திரும்பிப் போவேன்.

பதிவு செய்யும்போது ஒலி அளவு மானியில் சிவப்பு விளக்கு ஒருமுறைகூட எரியக் கூடாது. இரண்டு டிராக்குகள் சேரும்போது ஒலி கூடும் என்பதால், தனியாக ஓடும்போது உச்சத்துக்கு 6 டெசிபல் கீழே இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முறை எழுபது நிமிட மிக்ஸை முடித்துக் கேட்டபோது, நாற்பதாவது நிமிடத்திலிருந்து கரகரப்பு. முழுவதையும் எறிய வேண்டியதாயிற்று. வேவ் வடிவில் பதிவு செய்து, தேவையானால் பிறகு எம்பி3 ஆக்கிக்கொள்ளுங்கள்.

ஒரே மூச்சில் பதிவு செய்வதா, கணினியில் துண்டு துண்டாகச் சேர்ப்பதா என்று கேட்பார்கள். சாஷாவே 2004இல் 'இன்வால்வர்' தொகுப்பை ஏபிள்டன் லைவ் மென்பொருளில்தான் உருவாக்கினார், அதன் நெய்தல் அபாரமானது. இருந்தாலும் முதல் பத்து மிக்ஸ்களை ஒரே மூச்சில் செய்யுங்கள். ஐம்பதாவது நிமிடத்தில் தவறு வந்துவிடுமோ என்று முதுகு வியர்க்கும்போதுதான் அடுத்த டிராக்கை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்பது உண்மையாகத் தெரிகிறது.

முடித்த அன்றே கேட்காதீர்கள். காதில் இன்னும் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். இரண்டு நாள் கழித்து, வேறு வேலை நடக்கும் இடத்தில் கேளுங்கள். நான் ஏ60 சாலையில் மான்ஸ்ஃபீல்ட் பக்கம் ஓட்டிக்கொண்டு போவேன். பக்கத்தில் பதினொரு வயது மகள் இருப்பாள். அவள் மடியில் ஒரு காலண்டர் தாளும் பேனாவும். பாட்டு மாறியதாக அவளுக்குத் தோன்றும் நேரத்தை எழுதுவது அவள் வேலை. போன வாரம் ஒன்பது இணைப்புகள் உள்ள மிக்ஸுக்கு மூன்று நேரங்கள் எழுதிக் கொடுத்தாள்: 17:05, 31:40, 48:20. வீட்டுக்கு வந்து ஒப்பிட்டுப் பார்த்தேன். 31:40இல் எந்த இணைப்பும் இல்லை. ஒரே டிராக்கின் நடுவில், அதைச் செய்தவரே வைத்திருந்த மாற்றம் அது. அதை அப்படியே விட்டுவிட்டேன். 17:05ஐயும் 48:20ஐயும் வருகிற சனிக்கிழமை மறுபடி செய்ய வேண்டும். ஐந்தாவது டிராக்கின் தாளை இப்போதே தரையிலிருந்து எடுத்துவிட்டேன்.